அந்த மூன்று சீட்டாட்டங்களையும் திருப்பிக் கொடுங்கள்

ஓடிடி நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பிரிவினருக்கு,

வணக்கம். என் புகார் எண் உங்களிடம் இருக்கிறது. மூன்று முறை 'தீர்க்கப்பட்டது' என்று நீங்கள் மூடி, மூன்று முறையும் நான் திறக்கச் சொன்ன அதே புகார்தான். 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' விண்வெளித் தொடர், ஐந்தாம் சீசன், 18ஆவது எபிசோடு, 'காஸ் அண்ட் எஃபெக்ட்'. என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. உங்கள் சேவை மையத்துக்கே நான்கு முறை விளக்கியாயிற்று.

கேட்பது ஒன்றே ஒன்று. அந்த எபிசோடில் 'முன்கதைச் சுருக்கம்' என்று நீங்கள் குறி போட்டு வைத்திருக்கும் இடங்களில் எதுவுமே முன்கதைச் சுருக்கம் இல்லை. தயவுசெய்து அந்தக் குறிகளை எடுத்துவிடுங்கள். டிவியில் அவை தானாகத் தாண்டிப் போகாமல் செய்யுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. விண்வெளிக் கதை என்றால் லேசர் துப்பாக்கியால் சுட்டுக்கொள்வது என்று நினைத்திருந்த பிள்ளை. இதைப் பாரு, ஒருத்தரும் சுட மாட்டாங்க, ஆனா நகம் கடிப்பே என்று ஆசை காட்டி உட்காரவைத்தேன். இந்த எபிசோடைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் மறக்காது. எடுத்த எடுப்பிலேயே எண்டர்பிரைஸ் கப்பல் தாறுமாறாக ஆடிக்கொண்டிருக்கும். கேப்டன் பிக்கார்ட் எல்லோரையும் கப்பலை விட்டு வெளியேறச் சொல்லிக் கத்துவார். கப்பல் வெடித்துச் சிதறும். அதற்குப் பிறகுதான் டைட்டில் இசையே வரும். கதாநாயகர்கள் அத்தனை பேரையும் டைட்டிலுக்கு முன்பே கொன்றுவிட்டு, 'இனி என்ன செய்வாய்?' என்று நம்மைப் பார்த்துக் கேட்கிற தொடக்கம் அது.

எங்கள் வீட்டு டிவியில் அது வரவில்லை. 'முன்கதை தாண்டப்பட்டது' என்று மூலையில் ஒரு வரி வந்தது, டைட்டில் ஓடியது, நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ரிமோட்டைத் தேடிப் பின்னால் இழுத்தேன். அது மறுபடியும் தாண்டியது. சரி, போகட்டும் என்று விட்டேன். அது என் தவறு.

கதை இதுதான்: எண்டர்பிரைஸ் ஒரு காலச் சுழலில் மாட்டிக்கொள்கிறது; இன்னொரு கப்பலோடு மோதி வெடிக்கிறது, மறுபடி பழைய நேரத்துக்கே திரும்புகிறது. அந்தச் சீட்டாட்டம் கதையில் நான்கு முறை வருகிறது. ஒவ்வொரு சுழற்சியும் அங்கேதான் தொடங்குகிறது. கப்பலின் இயந்திர மனிதன் டேட்டா சீட்டுப் போடுகிறான். ரைக்கர், வோர்ஃப், டாக்டர் பெவர்லி கிரஷர் மூவரும் எதிரே. முதல் ஆட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமலே ரைக்கர் மிரட்டிப் பார்க்கிறார், டாக்டர் அதைப் பிடித்துவிடுகிறார். சாதாரணச் சீட்டாட்டம். கப்பல் வெடித்த பிறகு அதே மேசை, அதே சீட்டு, ஆனால் டாக்டரின் முகத்தில் மட்டும் ஏதோ உறுத்தல். இன்னொரு சுற்றில் அடுத்து விழப்போகும் சீட்டு என்னவென்று அவர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள், சொன்னபடியே விழுகிறது. நம் முதுகுத்தண்டு சில்லிடுவது அந்த இடத்தில்தான். கடைசி ஆட்டத்தில் அவர்கள் எதிர்பார்த்த சீட்டு விழுவதில்லை. எல்லோருக்கும் மூன்றாகவே விழுகிறது. போன சுழற்சியிலிருந்து டேட்டா தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தி அது. கப்பல் பிழைப்பதே அந்த மூன்றால்தான்.

இதில் முதல் ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் உங்கள் அமைப்பு 'ஏற்கெனவே பார்த்தது' என்று தாண்டிவிட்டது. 45 நிமிடக் கதை எங்கள் வீட்டில் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. முடிந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, மூணு மூணுன்னு சொல்றாங்களே, எந்த மூணு?"

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. ரைக்கரின் காலரில் மூன்று பதவிப் புள்ளிகள் இருக்கும்; மோதலைத் தவிர்க்க எதிரே வரும் கப்பலை இழுவைக் கதிரால் தள்ளலாம் என்று டேட்டா சொன்ன யோசனையை விட்டு, சிறு கலங்கள் நிற்கும் ஷட்டில் தளத்தின் காற்றை வெளியே விடலாம் என்ற ரைக்கரின் யோசனையை எடு என்பதுதான் அந்த மூன்றின் பொருள் என்று வாயால் சொல்லலாம். சொன்னேன். "ஓ" என்றாள், போனை எடுத்துக்கொண்டாள். விடுகதையைப் போடாமல் விடையை மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும்.

மறுநாள் உங்கள் சேவை மையத்துக்கு எழுதினேன். 'வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்றார்கள். சொன்னேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். நிறுவினேன். நான்கு நாள் கழித்து வேறொருவர், 'வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?' முதலிலிருந்து சொன்னேன். செயலியை நீக்கி நிறுவச் சொன்னார். மூன்றாமவர் வந்தபோது அடுத்து அவர் எழுதப்போகும் வரியை நானே முன்கூட்டித் தட்டிவிட்டேன். டாக்டர் பெவர்லியின் முகம் எனக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு: எண்டர்பிரைஸ் அந்தச் சுழலில் மாட்டியிருந்தது 17.4 நாள். நான் இன்றோடு 23 நாள்.

நான்காவதாக வந்தவர் மட்டும் ஒரு விளக்கம் கொடுத்தார். 'ஒரே காட்சி திரும்ப வந்தால் பார்வையாளரின் நேரத்தை மிச்சப்படுத்தத் தாண்டிவிடுவோம்.' மரியாதையாகவே பேசினார், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவை ஒரே காட்சி அல்ல, ஐயா. இந்த எபிசோடை இயக்கியவர் ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ். ஒரு முறை எடுத்ததையே வெட்டி ஒட்டியிருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு சுழற்சியையும் புதிதாக, வேறு வேறு கோணத்தில் எடுத்தார். அதே வசனம்தான், ஆனால் கேமரா இடம் மாறியிருக்கும். 1992இல் ஒரு படக்குழு உட்கார்ந்து யோசித்து, நடிகர்களைத் திரும்பத் திரும்ப நடிக்கவைத்து எடுத்த வேலையை, உங்கள் அமைப்பு ஒரே நொடியில் 'நகல்' என்று தள்ளுகிறது.

செட்டிங்ஸுக்குள் போய் அந்தத் தானாகத் தாண்டுவதை அணைத்துப் பார்க்காமல் நான் எழுதவில்லை. போனில் அணைந்தது. டிவியில் அந்தப் பொத்தானே இல்லை.

இது இந்த ஒரு கதையோடு நிற்குமா என்பதும் என் கவலை. 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1'இல் 2000இல் வந்த 'விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி'யில் கர்னல் ஓ'நீல் காலைச் சாப்பாட்டு மேசையில் அதே கேள்விக்கு முன்னால் திரும்பத் திரும்ப விழித்துக்கொள்வார். சிரிப்பே அந்தத் திரும்பத் திரும்பவில்தான். 'டாக்டர் ஹூ'வின் 'ஹெவன் சென்ட்'டில் வைரத்தைவிடக் கடினமான சுவரை ஒருவர் 450 கோடி ஆண்டுகள் கையால் குத்திக்கொண்டிருப்பார். அதையும் முதல் குத்தோடு தாண்டிவிடுவீர்களா? இன்னும் நிறைய நேரம் மிச்சமாகும்.

மிச்சம் என்றதும் நினைவுக்கு வருகிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, 'அடுத்தது ஐந்து நொடியில்' என்று எண்ணத் தொடங்குகிறீர்கள். உழைத்தவர்களின் பெயரைப் படிக்க ஒரு நிமிடம் தர மாட்டீர்கள். ஆனால் நடுவில் அதே பிஸ்கட் விளம்பரத்தை ஆறு முறை முழுதாகக் காட்டுவீர்கள். அது திரும்ப வருகிற காட்சியாக உங்கள் அமைப்பின் கண்ணுக்கு ஒரு நாளும் படுவதில்லை. உண்மையான சுருக்கம் வேண்டியிருக்கிற நீளத் தொடர்களில் 'முன்கதையைத் தாண்டு' பொத்தான் கதைக்குள் அரை நிமிடம் போய் நிற்கிறது. சந்தாவை ஏற்றும்போது மட்டும் எதுவும் தாண்டிப் போகாமல் சரியாக வந்து சேர்கிறது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். விளம்பரமும் சந்தாவும் உங்கள் விருப்பம். அவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதிக்கொள்கிறேன்.

இப்போது கேட்பது அந்த ஒன்றுதான். 'காஸ் அண்ட் எஃபெக்ட்' எபிசோடிலிருந்து 'முன்கதைச் சுருக்கம்' என்ற குறிகளை எடுத்துவிடுங்கள். அமைப்பு முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அதை முழுதாகப் பார்த்தால் போதும். எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அக்கா மகள் மறுபடி வருகிறாள். 'வேற ஏதாவது பாக்கலாம் மாமா' என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். இதையே இன்னொரு முறை பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்காமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். கப்பல் வெடிப்பது நான்கு, சீட்டாட்டம் நான்கு. எண்ணிக்கொண்டுதான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தேதி தவறாமல் சந்தா கட்டும் ஒருவன்