சம்மட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: ஆஃப்-ரோடு பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆஃப்-ரோடு வண்டிகளின் முன் ஆக்ஸிலைப் பிரித்து மாட்டும் பட்டறை உரிமையாளர்களுக்கும் தலைமை மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம். 2007 முதல் 2018 வரை வந்த ஜீப் ராங்ளர் ஜேகே வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. பெரிய டயர், சேறு, ஆற்று நீர் எல்லாம் பார்த்த முன் ஆக்ஸில்கள் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப வழிசெய்யும் பந்து மூட்டு) மாற்ற உங்களிடம்தான் வரும். இறுகிப்போன ஜாயின்ட்டைக் கேஸ் டார்ச்சும் சம்மட்டியும் வைத்துப் பிடுங்க வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல்.

காரணம் எளிது. இந்த வண்டியில் பால் ஜாயின்ட் உட்கார்ந்திருப்பது நக்கிளில், அதாவது சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் துண்டில் அல்ல. ஆக்ஸில் குழாயின் முனையில் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவில் நிற்கும் பகுதியில். நக்கிள் கெட்டால் வேறு நக்கிள் வாங்கி மாட்டலாம். ‘சி’யின் துளை கெட்டால் ஆக்ஸில் ஹவுசிங்கிலேயே கை வைக்க வேண்டும்.

முதலில், ஆட்டம் ஜாயின்ட்டில்தானா என்று பாருங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக் கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி, கடப்பாரையை டயருக்கடியில் விட்டு நெம்புங்கள். ‘சி’க்கும் நக்கிளுக்கும் நடுவே அசைவு தெரிந்தால் பால் ஜாயின்ட். பிரேக்கை ஒருவர் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி ஹப் பேரிங், அதாவது சக்கரம் சுழலும் பேரிங். இதைப் பார்க்காமலே நல்ல ஜாயின்ட்டைக் கழற்றும் வழக்கம் இருக்கிறது.

ஜாயின்ட்தான் என்று உறுதியானால், பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஏபிஎஸ் வயரை விடுவித்து, 36 எம்எம் ஹப் நட்டையும் ஹப்பின் பின்னாலுள்ள மூன்று போல்ட்டுகளையும் கழற்றியபின் ஆக்ஸில் ஷாஃப்ட்டை நேராக, தாங்கிப் பிடித்து இழுங்கள். சாய்த்து இழுத்தால் உள்ளே டிஃபரன்ஷியல் அருகிலுள்ள சீல் கிழியும்; பால் ஜாயின்ட் வேலைக்கு வந்தவர் கியர் ஆயில் ஒழுகலோடு வீட்டுக்குப் போவார்.

அடுத்து நக்கிள். ஜாயின்ட்டிலிருந்து நீளும் ஸ்டட் தண்டின் டேப்பர் (கூம்பிய பகுதி) நக்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கும். நட்டுகளை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நக்கிள் காலில் விழும். ஸ்டட் நுனியில் அடித்தால் மரை மழுங்கும், டேப்பர் விடாது. நக்கிளில் ஸ்டட் நுழையும் கண்ணின் பக்கவாட்டில், எதிர்ப்புறம் இன்னொரு கனமான சுத்தியலை அணைகொடுத்து, ஓங்கி ஒரே அடி. கண் ஒரு கணம் நசுங்கி விரிவதில்தான் டேப்பர் விடுபடுகிறது. பத்து சின்ன அடியைவிட ஒரு பெரிய அடி மேல். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால், டேப்பர் இறுகும் திசையில் ஜாக்கால் அழுத்தம் கொடுத்துவிட்டுத் திருப்புங்கள்.

இனி ஜாயின்ட்டை ‘சி’யிலிருந்து பிரஸ் போட்டு எடுக்க வேண்டும்; இங்கேதான் பிடிவாதம். முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஜாயின்ட்டின் அகன்ற விளிம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத்தான் அது வெளியே வரும்; இதைப் பார்க்காமல் எதிர்த்திசையில் பிரஸ் போட்டு ‘சி’யை வளைப்பவர்கள் உண்டு. ஸ்னாப் ரிங் (ஜாயின்ட்டைப் பிடித்து வைக்கும் வளையம்) இருக்கும் ஜாயின்ட் என்றால் அது சேற்றுக்குள் ஒளிந்திருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேடுங்கள். சி-கிளாம்ப் பிரஸ்ஸின் திருகுக்குக் கிரீஸ் தடவி, வெளியே வரும் ஜாயின்ட்டை வாங்கிக்கொள்ளும் கப் ‘சி’யின் மேல் மட்டுமே உட்காரும்படி வையுங்கள். கப் ஜாயின்ட் விளிம்பைத் தொட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. முக்கால்வாசி நேரம் ‘இறுகிவிட்டது’ என்று சொல்லப்படுவது கோணலாக வைத்த பிரஸ்தான்.

முறுக்கம் ஏற்றிவிட்டு, ‘சி’யின் துளையைச் சுற்றி சுத்தியலால் தட்டுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். மறுபடி கால் சுற்று. ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அதன்பின் எளிது. பிரஸ்ஸுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

அப்படியும் வராவிட்டால் சூடு. ஆனால் ஹாட் ஏர் கன், அதுவும் ‘சி’யின் மேல் மட்டும், எண்ணெயைத் துடைத்தபின். ஜாயின்ட்டுக்குள் அடைபட்ட கிரீஸ் இருக்கிறது. டார்ச் காட்டினால் அழுத்தம் ஏறி வெடித்துத் தெறிக்கும். இரும்பு சிவந்தால் அதன் பலம் பற்றி யாரும் உத்தரவாதம் தர முடியாது. கடைசி வழி, பந்தை வெளியே எடுத்துவிட்டு ஜாயின்ட் சுவரில் ஹேக்ஸா பிளேடால் ஒரு கீறல் போடுவது. துளையைத் தொடும் முன் நிறுத்துங்கள். வளையம் தளர்ந்து தானே வரும்.

புதியதைப் போடும்போது துளையில் துருவை எடுத்து, எமரி தாளால் லேசாகத் தடவினால் போதும். இங்கே இறுக்கத்தின் பேச்சு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கணக்கில் இல்லை, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. புது ஜாயின்ட் கையால் தள்ளியே உள்ளே போனால் அந்தத் துளை தளர்ந்துவிட்டது. அங்கே வெல்டிங் புள்ளி வைத்து அனுப்புவது வேலை அல்ல, மறைப்பு. அளவு கூடிய ஜாயின்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொரசொரப்பு வெட்டிய உடலோடு வரும் சில வெளிக் கம்பெனி ஜாயின்ட்டுகள் துளையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். அடுத்தமுறை வழுவழுப்பான ஜாயின்ட் அதில் நிற்காது.

டேப்பரில் கிரீஸ் தடவாதீர்கள், உலர்ந்தே இருக்கட்டும். சர்வீஸ் மேனுவல் சொல்லும் வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். காட்டர் பின் நுழையும் துளை நட்டின் வெட்டோடு பொருந்தாவிட்டால் நட்டை இன்னும் இறுக்கிப் பொருத்துங்கள், தளர்த்தக் கூடாது.

இவ்வளவுக்கும் நேரம் ஆகும், கூலியும் கூடும். ஜாயின்ட் எத்தனை மணி நேரம் பிரஸ்ஸில் நின்றது என்பதைப் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். பழைய ஜாயின்ட்டைக் குப்பையில் போடாமல் வண்டிக்காரர் கையில் கொடுத்து, அவரையே ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரம் பேச வந்தவர்கூட அதைப் பிடித்துப் பார்த்தபின் அதிகம் பேசமாட்டார்.

இப்படிக்கு,
இதே வேலையைச் செய்யும் சிலர்