விக்கா நூல் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பட்டியல்காரர்களே,

“விக்கா பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா, முதலில் இந்தப் பத்துப் புத்தகங்களைப் படியுங்கள்” என்று தமிழில் எழுதிப் போடுகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். (விக்கா என்பது சூனியத்தையும் பழைய தெய்வ வழிபாட்டையும் சேர்த்து இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான ஒரு மதம்.) யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒரு பட்டியல் போட்டதை முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

என் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். உங்களில் யாரோ ஒருவருடைய பட்டியலைப் பார்த்து மூன்று புத்தகம் வாங்கிவிட்டாள். போன மாதம் போன் செய்து, “சித்தி, உங்க ஐரோப்பாவுல 90 லட்சம் பொம்பளைங்கள சூனியக்காரின்னு சொல்லி உயிரோட எரிச்சாங்களாமே, அதுக்கு அங்க நினைவுத்தூண் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், சனிக்கிழமைகளில் ஒரு பழைய புத்தகக் கடையில் சம்பளமில்லாமல் அலமாரி அடுக்குகிறேன், விக்கா புத்தகங்கள் அங்கே கட்டுக்கட்டாக வரும், அந்த 90 லட்சத்தை எத்தனையோ முறை படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுக்கியிருக்கிறேன். ஆனால் அதையே ஒரு பிள்ளை நம்பிக் கேட்கும்போது சிரிப்பு வரவில்லை.

அந்தக் கணக்கின் கதை இது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஃபோக்ட் என்று ஒருவர், தன் ஊர்ப் பதிவேட்டில் கிடைத்த சொற்ப வழக்குகளை எடுத்து ஐரோப்பா முழுவதற்கும் பல நூற்றாண்டுகளுக்குமாகப் பெருக்கிவிட்டார். அப்புறம் வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டிய இன்றைய வரலாற்றாசிரியர்கள் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். அதில் ஆண்களும் கணிசமாக உண்டு. இங்கிலாந்தில் தூக்குதான் வழக்கம், எரிப்பது அபூர்வம். அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கினார்கள், ஒருவரைக்கூட எரிக்கவில்லை. செத்தவர்கள் விக்காக்காரர்களும் இல்லை. பக்கத்து வீட்டு மாடு செத்ததற்குப் பழி சுமந்த ஏழைகள், பெரும்பாலும் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களை இன்னொரு மதத்தின் தியாகிகளாக மாற்றுவது எனக்கு அவ்வளவு மரியாதையாகப் படவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, “பார்த்தீர்களா, எல்லாம் பொய்” என்று கை தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலில் மூழ்கிய கண்டத்தில் நம் முதற்சங்கத்தைக் கூட்டி உட்காரவைத்தவர்கள் நாம். லெமூரியா என்ற பெயர் 1864இல் ஓர் ஆங்கில விலங்கியலாளர் லெமூர் என்ற பிராணிக்காக வைத்தது. ஆகவே கொஞ்சம் அடக்கி வாசிப்போம்.

விக்கா பற்றிய தொடக்க நூலில் நான் முதலில் பார்ப்பது அது தன் வயதை என்ன சொல்கிறது என்பதைத்தான். “கற்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் மதம்” என்று இருந்தால், 1921இல் மார்கரெட் மரே எழுதியதை யாரோ திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மரே லண்டனில் எகிப்தியல் படித்துக் கொடுத்தவர். சூனிய வழக்குகளில் தனக்கு ஒத்துவந்த வாக்குமூலங்களை மட்டும் பொறுக்கி, ஒரு பழைய மதமே மறைவாக இருந்ததாகக் கட்டினார். வரலாற்றாசிரியர்கள் அதைக் கைவிட்டுப் பல காலமாகிறது. விக்கா வெளிச்சத்துக்கு வந்தது ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் மூலமாக. 1951இல் பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்டது, 1954இல் அவருடைய நூல் வந்தது, அதற்கு முன்னுரை எழுதியவரே மரேதான்.

இந்தக் கார்ட்னர் நமக்கு ரொம்ப அந்நியமானவர் இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1900 வாக்கில், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் போர்னியோ, மலாயா, ரப்பர் தோட்டம், சுங்கத்துறை என்று போய், 1936இல் ஓய்வு பெற்றுத்தான் இங்கிலாந்து திரும்பினார். கொழும்பில் 1910இல், தீட்சையும் ரகசியச் சடங்குகளும் உள்ள ஃப்ரீமேசன் என்ற சங்கத்தில் சேர்ந்தார். விக்காவில் தீட்சைக்கு மூன்று படிநிலைகள் இருப்பதும், சடங்கின் முடிவில் “அவ்வாறே ஆகுக” என்பதை மேசன்கள் சொல்கிற அதே பழைய ஆங்கிலத்தில் சொல்வதும் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? இதை ஒளிக்காமல் சொல்கிற புத்தகத்தை நம்பிப் படிக்கலாம். ஒரு வழிபாடு எழுபது எண்பது வருஷம் பழையது என்பதால் அதில் கும்பிடுகிறவரின் பக்தி குறைந்துபோகாது. சந்தோஷி மாதா விரதம் எப்போது பரவியது என்று கேட்டுவிட்டா நம் அம்மாக்கள் வெள்ளிக்கிழமை புளிப்பை ஒதுக்கினார்கள்?

உங்கள் பட்டியல்களின் அடியில் தவறாமல் ஒரு வரி வருகிறது: “பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.” எனக்கு எரிச்சல் தருவதே இந்த வரிதான். கல்லும் அரிசியும் எது எதுவென்று தெரிந்தவளுக்கு உங்கள் பட்டியலே தேவையில்லையே. புதிதாக வருகிறவளுக்கு எதை விடவேண்டும் என்று தெரியாது, அதற்காகத்தான் உங்களிடம் வந்தாள்.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன வழி ரொம்ப எளியது. “உனக்கு ஏற்கெனவே நல்லாத் தெரிஞ்ச விஷயம் எந்தப் பக்கத்துல இருக்கு? அதை முதல்ல படி.” தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, இந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேல் காளி இருக்கிறாள். கன்னி, தாய், கிழவி என்ற மூன்று வடிவத் தேவியில் காளியைக் கொண்டுபோய்க் கிழவி இடத்தில் உட்காரவைத்திருப்பார்கள். நம் ஊர்க் காளி கோவில் எதிலாவது கிழவியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மூவடிவக் கருத்தே இப்போதைய உருவில் 1948இல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதியதிலிருந்து பரவியதுதான். யோகச் சக்கரங்களுக்கு வானவில் வரிசையில் ஏழு நிறம் பூசியிருக்கும், அதுவும் இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய ஏற்பாடு. கர்மவினையை “செய்தது மூன்று மடங்காகத் திரும்பும்” என்று வட்டிக்கணக்கு மாதிரி சுருக்கியிருக்கும். உனக்குத் தெரிந்த பக்கத்திலேயே இவ்வளவு கோட்டைவிட்டவர், உனக்குத் தெரியாத கெல்ட் என்ற பழங்கால ஐரோப்பிய மக்களைப் பற்றி மட்டும் சரியாக எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது? இதைக் கேட்டதும் அவள் அரை மணி நேரத்தில் ஒரு புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

செடி அத்தியாயம் இதைவிட முக்கியம், ஏனென்றால் அங்கே தப்பு நடந்தால் உடம்பு போகும். பென்னிராயல் என்று புதினா வகையில் ஒரு செடி, அதன் எண்ணெய் கல்லீரலைக் கெடுத்து ஆளையே கொன்றிருக்கிறது. அதைப் பாதுகாப்பு மூலிகை, அமைதி மூலிகை என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்று சொல்லாத புத்தகத்தை நான் கடை அலமாரியிலேயே வைப்பதில்லை, எடை போட அனுப்பிவிடுவேன். நம் சித்த வைத்தியர்கள் நாபி என்ற நச்சுக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள். அதே நாபிக் குடும்பத்துச் செடியை “சந்திர நீரில் ஊறவைத்து” (நிலா வெளிச்சத்தில் வைத்த தண்ணீராம்) என்று எழுதுகிறார்கள், கையுறை போடச் சொல்வதுகூட இல்லை. 2023இலிருந்து இன்னொரு தலைவலி, செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதிய காளான் புத்தகங்களும் மூலிகைப் புத்தகங்களும் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. எழுதியவருக்கு வேறு எங்கேயும் சுவடே இல்லை, ஒரே மாதத்தில் நாலு புத்தகம் போட்டிருக்கிறார் என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல புத்தகத்துக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டார்ஹாக் 1979இல் எழுதிய ‘தி ஸ்பைரல் டான்ஸ்’ நூலின் முதல் பதிப்பில் வரலாறு பல இடங்களில் மரே வழிதான். ஆனால் பத்தாம் ஆண்டுப் பதிப்பிலும் இருபதாம் ஆண்டுப் பதிப்பிலும் அவரே குறிப்புகள் சேர்த்து, எதில் தன் எண்ணம் மாறிவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். தன் பழைய வரியைத் தானே மறுக்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். நீங்களோ பதிப்பு எதுவென்று சொல்லாமல் அட்டைப்படத்தை மட்டும் போடுகிறீர்கள், பிள்ளைகள் எது மலிவோ அந்தப் பழைய பதிப்பை வாங்குகிறார்கள். வரலாற்றுக்கு, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹட்டன் 1999இல் எழுதிய ‘தி ட்ரையம்ப் ஆஃப் தி மூன்’ இருக்கிறது. தடிமன்தான், தொடக்க நூலும் இல்லை, ஆனால் ஒரு தொடக்க நூலின் கடைசிப் பக்கங்களில் வரும் மேற்கோள் நூல் பட்டியலில் இந்த மாதிரிப் பெயர் ஒன்றாவது இருக்கிறதா, அல்லது அதே பதிப்பகத்தின் மற்ற தொடக்க நூல்கள் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயம் தேறாது, எந்தச் செடியைத் தொடக் கூடாது என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்துப் புத்தகத்துக்கு எழுத முடியாது என்றால் பட்டியலை மூன்றாகக் குறையுங்கள். படிக்காமல் சேர்த்தது இருந்தால் (இருக்கும், எனக்கு இருந்தது) எடுத்துவிடுங்கள்.

என் பழைய பட்டியலை நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். நாலாவது புத்தகத்துக்கு “வரலாறு அருமை” என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்திலேயே 90 லட்சம் இருக்கிறது. அடித்துவிட்டேன், அடித்த கோடு தெரியும்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி