எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள மகளிர் காவல் நிலைய அதிகாரிகளுக்கும், குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, சற்றுத் தள்ளி கன்னியக்கோயில் புதுச்சேரி. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் இந்த எல்லையை யாரும் பார்ப்பதில்லை. அடி வாங்கிய பெண் தாய்வீட்டுக்கு வந்து புகார் கொடுக்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. "சம்பவம் நடந்தது அந்தப் பக்கம், அங்கே போய்க் கொடும்மா" என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே போனால் மாப்பிள்ளை வீட்டார் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், பதிந்த பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். கணவன் வீட்டுக் கொடுமை வழக்கை, அந்தப் பெண் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே நடத்தலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனுப் போட வழி செய்கிறது. அதாவது கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் தங்கியிருப்பவரை, எல்லை தாண்டிப் போய்த்தான் மனுக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. மாமியாரோ கணவனோ பக்கத்தில் நிற்க, "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று பெண் சொல்வார். காயத்தின் விவரம் எழுதும் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் அப்படியே ஏறிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். நிலையத்திலிருந்து அனுப்பும்போது பெண் காவலர் ஒருவரைக் கூட அனுப்புங்கள். கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள். யார், எதனால், எப்போது அடித்தார் என்று அவர் வாயாலேயே டாக்டரிடம் சொல்லட்டும். நடந்த வன்முறையைப் பற்றிப் பாதுகாப்பு அலுவலர் எழுதும் சம்பவ அறிக்கை இல்லை என்ற காரணத்துக்காக மருத்துவமனை சிகிச்சையை மறுக்கவும் கூடாது.

பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் புகார்களை "நம்பரை பிளாக் பண்ணு" என்று முடித்துவிடாதீர்கள். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் முதல் முறைக்கு 3 ஆண்டு வரை, மறுமுறை 5 ஆண்டு வரை சிறை. முதல் முறை ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால் ஆள் அன்றைக்கே வெளியே வந்துவிடுவான். கோபத்தோடு வருபவன் நேரே எங்கே போவான் என்று சொல்லத் தேவையில்லை. அவனை விடுவதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போகட்டும். மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது, எதையும் அழிக்காமல் அந்தப் போனையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் புகார் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். மின்னணுச் சாட்சிக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். போன் கைமாறியோ ரிப்பேர் ஆகியோ போனால் அதை வாங்குவது பெரும்பாடு.

பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒன்று. மனு கோர்ட்டுக்குப் போனதும் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை. அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். சம்பவ அறிக்கை பாதி நிரம்பிக் கிடந்தால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. அதில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது சீதன நகை, பாத்திரம், சான்றிதழ்கள் பற்றிய பகுதி. உடுத்திய சேலையோடு வந்தவருக்கு உடனே வேண்டியது பிள்ளையின் ஸ்கூல் சான்றிதழும் ரேஷன் கார்டும்தான். வீடு மாமனார் பேரில் இருக்கிறது என்று, அந்த வீட்டிலேயே வசிக்க கோர்ட்டு தரும் குடியிருப்பு உத்தரவைக் கேட்காமல் விடுகிறார்கள். 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தயக்கம் தேவையில்லை. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

கடைசியாக, அந்தப் பெண்ணைத் தொல்லை செய்யக் கூடாது என்று கோர்ட்டு போடும் பாதுகாப்பு உத்தரவின் நகல். இந்த உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். மீறினால் ஓராண்டு வரை சிறை, பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் கடலூர் கோர்ட்டு போட்ட உத்தரவு அந்தப் பக்கத்து நிலையத்துக்குத் தெரியாமல் இருந்தால், ராத்திரி கதவைத் தட்டுகிறவனைப் பிடிக்க யார் வருவது? நகல் கிடைத்த அன்றே இரண்டு பக்கத்து நிலையங்களும் பகிர்ந்துகொள்ள ஒரு பதிவேடும், ஆளுக்கொரு பொறுப்பு அதிகாரியும் வேண்டும். அவர்களின் அலுவலக எண்ணை நிலைய வாசலில், பெண்கள் உதவி எண்ணான 181க்குப் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களுக்குத் துணையாக நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் போய்வருபவர்கள்,
கடலூர்.