பொம்மை விற்கவில்லை என்று கதையை நிறுத்தாதீர்கள்

கார்ட்டூன் சேனல்களில் எந்தத் தொடர் ஓடவேண்டும், எது எந்த நேரத்துக்கு வரவேண்டும், எதை எப்போது தூக்கவேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடர் நின்றுபோனால், பார்க்க ஆள் இல்லாமல்தான் நின்றது என்று ஊர் முழுக்க நினைத்துக்கொள்கிறது. நீங்களும் அதை மறுப்பதில்லை. ஆனால் நின்றுபோன நல்ல தொடர்களின் கதையைத் தோண்டிப் பார்த்தால் முக்கால்வாசி இடங்களில் பார்வையாளர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

யங் ஜஸ்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரில் கார்ட்டூன் நெட்வொர்க் அதையும், அதோடு ஓடிக்கொண்டிருந்த கிரீன் லான்டர்ன் தொடரையும் திடுதிப்பென்று அட்டவணையிலிருந்து எடுத்தது. சீசன் நடுவே, கதை சூடுபிடித்திருந்த நேரத்தில். 2013 ஜனவரியில் திரும்ப வந்தன, மார்ச்சில் இரண்டும் ஒரேயடியாக முடிந்தன. யங் ஜஸ்டிஸுக்கான பணத்தில் பெரும்பங்கு மட்டேல் நிறுவனத்தின் பொம்மை ஒப்பந்தத்திலிருந்து வந்தது, பொம்மைகள் எதிர்பார்த்த அளவு போகவில்லை, பணம் நின்றது, தொடரும் நின்றது என்று அதன் தயாரிப்பாளர் கிரெக் வைஸ்மனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிரீன் லான்டர்னின் நிலை இன்னும் மோசம். 2011இல் அதே பெயரில் வந்த திரைப்படம் ஓடவில்லை, அந்தப் படத்தின் பொம்மைகள் கடைகளில் தேங்கிக் கிடந்தன, அதனால் கார்ட்டூனுக்கென்று புதிதாகப் பொம்மை வாங்கி வைக்கக் கடைக்காரர்கள் தயாராக இல்லை. பொம்மை இல்லை என்றால் தொடரும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். 26 எபிசோடுகளில் அந்தத் தொடர் நகர்ந்த தூரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் எதை இழந்தோம் என்று.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பேட்மேன் தொடர்களுக்கு எழுதிய பால் டினி 2013இல் ஒரு பேட்டியில், சூப்பர்ஹீரோ தொடர்களுக்குப் பெண் பிள்ளைகள் பார்வையாளர்களாகச் சேருவதை மேலிடம் விரும்பவில்லை, அவர்கள் பொம்மை வாங்கமாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று சொன்னார். பார்க்க ஆள் வந்தும், வந்த ஆள் சரியில்லை என்று ஒரு தொழில் சொல்லுமானால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

சரி, பொம்மையே தப்பா என்று கேட்பீர்கள். இல்லை. 1992இல் ஃபாக்ஸ் கிட்ஸில் பேட்மேன் அனிமேஷன் தொடர் வந்தபோதும் பொம்மைகள் விற்றார்கள், நன்றாகவே விற்றார்கள். வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்குக் கதைக்கு இடம் கிடைத்தது. தொடக்கத்திலேயே 65 எபிசோடுகளுக்கு உத்தரவு. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று போட்டால் 13 வாரங்களுக்குச் சரியாக வரும் எண்ணிக்கை அது, வியாபாரக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்குதான் எழுதுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. கருப்புத் தாளின் மேல் பின்னணி ஓவியங்களை வரைந்து பார்க்கும் தைரியம், வெறும் ஜோக் வில்லனாகக் கிடந்த மிஸ்டர் ஃப்ரீஸுக்கு ஒரு மனைவியையும் துக்கத்தையும் கொடுக்கும் தைரியம் எல்லாம் அப்படி வந்தவை. ஹார்லி குவின் அந்தத் தொடருக்காகவே உருவாக்கப்பட்ட பாத்திரம், காமிக்ஸுக்கு அப்புறம்தான் போனாள்.

அதே ஆண்டு, அதே சேனலில் எக்ஸ்-மென். அக்டோபர் 31 அன்று முன்னோட்டமாக வந்த முதல் எபிசோடுகளில் அனிமேஷன் பிழைகள் அப்படியே இருந்தன. இன்றைக்கு அந்த மாதிரி ஒரு தொடக்கம் நடந்தால் மறுவாரமே கை கழுவிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ஃபாக்ஸ் கிட்ஸின் தலைமையில் இருந்த மார்கரெட் லோஷ், அதற்கு முன்பே 1989இல் ஒரு எக்ஸ்-மென் முன்னோட்டப் படம் தொடராகாமல் போனதைப் பார்த்தவர், விடாமல் நின்றார். முறையான ஒளிபரப்பு 1993 ஜனவரியில் தொடங்கி, தொடர் 76 எபிசோடுகள் போனது.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போடவும் மாட்டேன். ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்-மேன் நின்றதற்குக் காரணம் உரிமைச் சிக்கல், அனிமேஷன் உரிமை சோனியிடமிருந்து மார்வெலுக்குத் திரும்பியது, அங்கே அட்டவணை போடுகிறவர் என்ன செய்ய முடியும். 2013இல் வந்த பிவேர் தி பேட்மேன் தொடரில் நகரமே ஆளில்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது, என் பார்வையில் அது படைத்தவர்களின் குறைதான். ஆனாலும் 11 எபிசோடோடு அதைத் தூக்கி, மிச்சத்தை மறுவருடம் பின்னிரவில் தள்ளிவிட்டீர்களே, அப்புறம் அது தேறுமா தேறாதா என்று யாருக்குத் தெரியும்?

டீன் டைட்டன்ஸ் கோ ஏன் 2013இலிருந்து அசையாமல் நிற்கிறது என்பதும் புரிகிறது. குட்டிக் குட்டி எபிசோடுகள், எதை எப்போது போட்டாலும் குழப்பமில்லை, ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். எனக்கு அது ஒத்துவராது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நடக்கட்டும். ஆனால் தொடர்கதையாக எழுதப்பட்ட ஒன்றை இதே அளவுகோலில் அளக்காதீர்கள். வரிசை மாற்றி, நேரம் மாற்றி, இரண்டு மாதம் காணாமல் போக்கி, அப்புறம் ரேட்டிங் குறைந்துவிட்டது என்றால், குறையாமல் என்ன செய்யும்? யங் ஜஸ்டிஸின் மூன்றாவது சீசன் 2019 ஜனவரியில் ஸ்ட்ரீமிங்கில் வந்தது. ஏறக்குறைய ஆறு வருடம் காத்திருந்த கூட்டம் அது. 1997இல் முடிந்த எக்ஸ்-மென் கதை 2024இல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆள் இல்லாத கடைக்கு இப்படி யாரும் திரும்ப வந்து விளக்கேற்றமாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. நாளும் நேரமும் மாறாமல், எழுதிய வரிசையில், ஒரு சீசனையாவது முழுதாக ஓட்டுங்கள். நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால் கடைசி எபிசோடுகளின் திரைக்கதை எழுதப்படும் முன்பே அதை எழுதுகிறவர்களிடம் சொல்லுங்கள். ஸ்பைடர்-மேன் அன்லிமிடெட் 13 எபிசோடுகளில் அந்தரத்தில் தொங்கிய மாதிரி இன்னொன்று வேண்டாம். ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் குழு இதுதான் முடிவு என்று நினைத்து 2005இல் ஒரு எபிசோட் செய்தது. அதற்கப்புறம் இன்னொரு சீசன் கிடைத்தது, அதையும் ஜோராகச் செய்தார்கள், யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் நிறுத்திய தொடர்களை இன்னமும் தேடிப் பிடித்துப் பார்க்கும் ஒரு ரசிகர்