எஸ்ஏசிடி போட்டால் கோஆக்சியல் ஏன் மௌனமாகிறது: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் ஓப்போ யுடிபி-205 வட்டு பிளேயரைப் புதிய டிஏசியுடன் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) கோஆக்சியல் என்ற டிஜிட்டல் ஒலிக் கேபிளில் இணைத்ததும் சாதாரண சிடிகள் நன்றாகப் பாடுகின்றன என்றும், சிடியைவிட உயர்தர ஒலி பதிந்த எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) போட்டால் மட்டும் சத்தமே வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேபிளிலும் பழுதில்லை, பிளேயரிலும் பழுதில்லை. எஸ்ஏசிடிக்கு அந்த வழி வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கேபிளுக்குக் கொள்ளளவு போதாது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. எஸ்ஏசிடியில் இருக்கும் டிஎஸ்டி என்ற ஒரு பிட் வடிவ ஒலி ஒரு சேனலுக்கு நொடிக்கு 28,22,400 பிட்; ஸ்டீரியோவுக்கு ஏறத்தாழ 5.6 மெகாபிட். அதே கோஆக்சியலோ 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை, அதாவது 9.2 மெகாபிட்டை, சிரமமின்றிக் கொண்டுசெல்கிறது. உண்மையான காரணம் நகல் தடுப்பு. சோனியும் பிலிப்ஸும் 1999-இல் எஸ்ஏசிடியை வெளியிட்டபோதே அதற்குக் கடுமையான பாதுகாப்பு விதிகளை வகுத்தன. கோஆக்சியலிலும், ஒளி வழியே ஒலியை அனுப்பும் ஆப்டிக்கல் கேபிளிலும் செல்லும் எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஒலிச் சமிக்ஞையில் பூட்டு எதுவும் இல்லாததால், யார் வேண்டுமானாலும் அதை அப்படியே பதிவு செய்துகொள்ள முடியும். எச்டிஎம்ஐயில் எச்டிசிபி என்ற பூட்டு உண்டு. 2005-இல் வந்த எச்டிஎம்ஐ 1.2 பதிப்பு முதல் டிஎஸ்டி அவ்வழியே செல்ல இடம் கிடைத்தது. காசு கொடுத்து வட்டு வாங்கியவரைத் திருடனாகப் பார்க்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிப்பதில்லை.

இனி என்ன செய்யலாம்? வட்டு ஹைப்ரிட் வகையாக (எஸ்ஏசிடி அடுக்கோடு சிடி அடுக்கும் உள்ளது) இருந்தால், 'எஸ்ஏசிடி பிரயாரிட்டி' அமைப்பை 'சிடி மோட்' என்று மாற்றினால் கோஆக்சியலில் பாட்டு வரும். ஆனால் நீங்கள் கேட்பது 16 பிட் சிடி அடுக்கைத்தான். எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு (பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) டிஎஸ்டியாகவே அனுப்பலாம். அங்கேயும் அறைத் திருத்தம் (அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்வது) போன்றவற்றை இயக்கினால், பல ரிசீவர்கள் அதைச் சிடியில் உள்ளது போன்ற பிசிஎம் வடிவமாக மாற்றிவிட்டே மேலே கொண்டுபோகின்றன. என் யோசனை வேறு. ஸ்டீரியோவுக்கென்றே இஎஸ்9038புரோ என்ற டிஏசி சிப் உங்கள் பிளேயருக்குள் இருக்கிறது. பின்புறமுள்ள எக்ஸ்எல்ஆர் அனலாக் வெளியீட்டிலிருந்து நேரே ஆம்ப்ளிஃபயருக்கு இழுங்கள். அனலாக்குக்கு அந்தத் தடை பொருந்தாது. இவ்வளவு நல்ல பிளேயரை வெறும் வட்டு சுழற்றும் பெட்டியாக்கி, வெளியே இன்னொரு டிஏசி வைப்பது வீண் செலவு என்பதே என் எண்ணம். வாங்கிவிட்டபடியால் சிடிக்கு அது இருக்கட்டும். கோஆக்சியலில் இரைச்சல் கேட்டால் மட்டும் ஆப்டிக்கலுக்கு மாறுங்கள். அதில் மின் இணைப்பே இல்லாததால் எர்த் வழியாக வரும் 'ஹம்' நின்றுவிடும்.

படங்களுக்குக் கதை வேறு. பட வட்டுகளில் வரும் இழப்பற்ற ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டியோ டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவோ எஸ்பிடிஐஎஃபில் முழுமையாக வராது. அதிகபட்சம் 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலோ 1.5 மெகாபிட் டிடிஎஸ்ஸோதான் கிடைக்கும். ஆகவே ரிசீவருக்கு எச்டிஎம்ஐதான். ரிசீவர் பழையதாக இருந்து 4கே படத்தைக் கடத்தாவிட்டால், படத்துக்கான எச்டிஎம்ஐயை நேரே டிவிக்கும், ஒலிக்கென்று தனியாக உள்ள இரண்டாவது எச்டிஎம்ஐயை ரிசீவருக்கும் கொடுங்கள். எச்டிஎம்ஐ ஆடியோவை 'பிட்ஸ்ட்ரீம்' (ஒலியை அவிழ்க்காமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள். 'எல்பிசிஎம்' என்று வைத்தால் பிளேயரே ஒலியை அவிழ்த்துவிடும், தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கவைக்கும் டால்பி அட்மாஸின் உயரத் தகவல் ரிசீவரைச் சென்றடையாது. 'செகண்டரி ஆடியோ'வையும் அணைத்துவிடுங்கள். இயக்குநர் விளக்கவுரை, மெனு ஒலி ஆகியவற்றைக் கலப்பதற்காக, அது மூல ஒலியைச் சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ இறக்கிவிடும்.

அமைத்து முடித்ததும் அட்மாஸ் வட்டு ஒன்றைப் போட்டு, ரிசீவரின் முகப்புத் திரையைப் பாருங்கள். அங்கே 'அட்மாஸ்' என்று வராமல் 'பிசிஎம்' என்றோ 'டால்பி டிஜிட்டல்' என்றோ வந்தால், மேலே சொன்ன இரண்டு அமைப்புகளில் ஒன்று மாறாமல் இருக்கிறது என்று பொருள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்