உயிரோடிருப்பவர்களின் முகத்துக்கும் ஒரு மூலை தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து ஆள் ஒருவருடைய முகம் பத்திரிகையில் வரவேண்டுமென்றால் அவர் ஒன்றில் தேர்தலில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சாகவேண்டும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளை விட்டுவிடுகிறேன், அது வருசத்துக்கு ஒருமுறை. மற்றப்படி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற சனத்தின் முகம் முதன்முதலாக அச்சில் வருவது கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில்தான். அதுவும் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, பின்னால் நீல வானமும் முகிலும் ஒட்டி. அந்தக் குடும்பங்களில் நான் குறை சொல்லவில்லை. 2009 இல் போரின் கடைசி நாட்களில் உடுத்த உடுப்போடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களிடம் கலியாண அல்பமா இருக்கும்? அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம்.

நான் கடைப் பலகை எழுதுகிறவன். பிளெக்ஸ் வந்தபிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. தூரிகை பிடித்த கை சும்மா இருக்காதே, அதனால் சந்தைக்குப் போய் ஆட்களை இருத்திவைத்துப் படம் கீறத் தொடங்கினேன். இப்போது சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவரும், உயர்தரம் முடித்துவிட்டு நிற்கிற பெடியள் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு இருபது நிமிசம், கூடிப்போனால் அரை மணித்தியாலம். காசு வாங்குவதில்லை. கீறின படம் இருந்தவருக்கே.

வேறு ஊர்களில் இப்படிக் கடதாசியோடு போய் இருந்தால் முதலில் "எவ்வளவு?" என்றுதான் கேட்பார்களாக்கும். எங்கள் வன்னியில் முதல் கேள்வி, "எங்க குடுக்கப் போறியள்?" நியாயமான கேள்வி. இந்தச் சனத்தின் முகத்தை எத்தனை பேர் எத்தனை தேவைக்குப் பதிந்து கொண்டுபோனார்கள். முகாமில் பதிவுக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று. பிறகு நிறுவனங்கள் வந்தன. கோழிக்கூடு கொடுத்தால் கூட்டோடு ஒரு படம், மலசலகூடம் கட்டிக் கொடுத்தால் அதன் வாசலில் நிற்கவைத்து ஒரு படம். போன படம் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆகவே நாங்கள் ஒளித்திருந்து கீறுவதில்லை. கேட்டு, ஓமென்றால் மட்டும். கீறுகிற பலகையையும் கொஞ்சம் சரித்து வைப்போம், இருக்கிறவர் விரும்பினால் எட்டிப் பார்க்கலாம். அசைந்தால் அசைந்ததுதான்.

பின்னால் நிற்கிற கூட்டம்தான் பெரிய பரீட்சை. "மூக்கு அவவின்ர இல்லை", "அண்ணை, அவருக்கு இவ்வளவு மயிர் ஏது" என்று ஆளுக்கொரு தீர்ப்பு. எட்டிப் பார்க்காமல் இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தன் படம் எப்படி வருகிறதென்று கணக்குப் போடுவார். கருவாடு விற்கிற அம்மா ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னை என்ர தாய் மாதிரிக் கீறிப்போட்டாய்" என்றார். சந்தோசத்தில் சொன்னாரா கோபத்திலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. படத்தை மட்டும் சேலைத் தலைப்பால் மூடிப் பத்திரமாகக் கொண்டுபோனார்.

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஆறுதலாகக் கீறலாமே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கீறலாம். அப்படிக் கீறினால் 'அச்சொட்டாய் போட்டோ மாதிரி' என்ற பாராட்டும் கிடைக்கும். ஆனால் முதல் ஐந்து நிமிசம் எல்லோரும் அடையாள அட்டைக்கு இருக்கிற மாதிரித்தான் விறைத்துக்கொண்டு இருப்பார்கள், போனில் விழுவது அந்த முகம். கொஞ்சம் பொறுத்தால் யாராவது வந்து கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பார். விலை சொல்லி, பேரம் பேசி, அந்தாள் வாங்காமல் போனதும் வாய்க்குள் ஒரு பேச்சுப் பேசுவாரே, அப்போதுதான் ஆள் தன் முகத்துக்குத் திரும்பி வருவார். அதற்குப் பிறகு கையில் பத்து நிமிசம் இருந்தால் போதும். உயிருள்ள ஆளை நேரே வைத்துக் கீறுவதன் முழு இலாபமும் அந்தப் பத்து நிமிசத்தில்தான் இருக்கிறது.

தொழில் விசயம் கொஞ்சம் சொல்கிறேன், கீறுகிற வாசகர்கள் இருப்பார்கள். கண்ணில் தொடங்கக் கூடாது. கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தால் முகத்தில் இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று இரண்டே துண்டாகத் தெரியும். நெற்றிக்குக் கீழே, மூக்கின் ஒரு பக்கம், நாடிக்கு அடியில் என்று அந்த இருட்டைப் பெரிய தூரிகையால் ஒரேயடியாகப் போட்டுவிட்டால் ஆள் பாதி வந்த மாதிரி. கண்ணும் வாயும் கடைசியில், குறைவாக. நிறத்தில்தான் எங்கள் பிள்ளைகள் மாட்டுப்படுகிறார்கள். பாஸ்டல் பெட்டிக்குள் முகத்துக்கென்று ஒரு இளஞ்சிவப்புக் குச்சி வருகிறதே, அந்த நிறத்தில் வன்னியில் எவரும் கிடையாது. அதை விட்டால் கறுப்பை எடுக்கிறார்கள், முகம் கரி பூசின மாதிரிச் செத்துப்போகிறது. பேர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து பாருங்கள். நீலத்தைக் கூட்டினால் நிழல், சியென்னாவைக் கூட்டினால் வெயில் பட்ட கன்னம். எங்கள் சனத்தின் தோல் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலத்தில் நீர்வர்ணம் சொல்வழி கேளாது. ஒரு பூச்சு அடுத்ததோடு சேருமுன் காய்ந்து விளிம்பு கட்டிவிடும், மேலே புழுதி வேறு. மாரியில் எதிர்மாறு. அந்த நாட்களில் கரிதான். கரி வாங்கவும் தேவையில்லை. மெல்லிய குச்சிகளை ரின் ஒன்றில் இறுக்கி அடுக்கி, மூடியில் ஒரு சின்னத் துளை மட்டும் விட்டு நெருப்புக்குள் வைத்தால் வந்துவிடும். கடதாசிதான் பிரச்சினை. 2022 இல் விலை ஏறினதையும் தட்டுப்பாட்டையும் பத்திரிகைக்காரர் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்துக்கு மாறினோம், கரிக்கு அது தோதாக இருந்ததால் இன்னும் விடவில்லை.

யாரைக் கீறுகிறோம் என்றும் கேட்பீர்கள். முறிகண்டியில் கச்சான் விற்கிற அக்காமார், மோட்டார்சைக்கிளில் மீன்பெட்டி கட்டி வருகிறவர்கள், நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர்கள், நெல் வெட்டு மெசின் ஓட்டுகிற பெடியள். கண்ணிவெடி அகற்றப் போகிற பெண்கள் வேலை முடிந்து வருகிற நேரம் இருப்பார்கள். நாள் முழுக்க முகமூடிக் கண்ணாடிக்குள் இருந்த முகம் என்பதால் நெற்றியில் அதன் தடம் கிடக்கும், அதையும் சேர்த்தே கீறச் சொன்னார் ஒரு தங்கச்சி. 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து குடியேறினவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூலி வேலைக்கு நிற்கிற சந்தியில் ஒரு நாள் இருந்தோம். வன்னி மண், வன்னி மக்கள் என்று மேடையில் பேசுகிறவர்களின் கணக்கில் இவர்கள் இன்னும் சரியாக வரவில்லை என்பது என் அபிப்பிராயம். வற்றாப்பளைப் பொங்கலில் இருந்து கீறலாமே என்று சிலர் சொன்னார்கள். அங்கே சனம் அம்மனிடம் வருகிறது, எங்களிடம் இல்லை. விட்டுவிட்டோம்.

ஒரு விசயம் எழுதக் கஷ்டம். பழைய படமொன்றைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்து "இவனைக் கீறித் தா தம்பி" என்று கேட்கிற அம்மாமார் இருக்கிறார்கள். கீறிக் கொடுக்கிறோம், மறுக்க மனம் வராது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கின போராட்டத்தில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய முகம் பத்திரிகையில் வந்ததுதான், ஆனால் கூட்டமாக, பெயரில்லாமல், 'உறவினர்கள்' என்ற தலைப்போடு. மகனைக் கீறி முடிந்ததும் "நீங்களும் கொஞ்சம் இருங்கோ அம்மா" என்று கேட்போம். அநேகம் பேர் "என்னை ஏன்?" என்று எழும்பிவிடுவார்கள். சிலர் இருப்பார்கள்.

கண்காட்சி வையுங்கள் என்று ஆலோசனை சொல்லாத ஆளில்லை. கொழும்பில் 1993 முதல் தெருவோரத்தில் நடக்கிற கலா பொல என்ற ஓவியச் சந்தை மாதிரி என்றால் யோசிக்கலாம். இங்கே கண்காட்சி என்றால் மண்டபம், மங்கல விளக்கு, பிரதம விருந்தினர், பொன்னாடை. பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசுக்கு எத்தனை குயர் கடதாசி வாங்கலாம்! அதோடு, படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதில் எனக்குப் பயமும் உண்டு. ஓவியர் மாற்கு 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு தன் படங்கள் எத்தனையை இழந்தார். வீடு வீடாகக் கிடந்தால் ஒன்றிரண்டாவது மிஞ்சும்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வார இதழில் ஒரு மூலை தாருங்கள். வாரம் ஒரு முகம், இருந்தவர் சம்மதித்தால் மட்டும், அவர் விரும்புகிற பெயரில். கீழே இரண்டு வரி: என்ன தொழில், எந்த ஊர். வீரக்கதை வேண்டாம், அனுதாபமும் வேண்டாம். கரிப்படம் என்றபடியால் கறுப்பு வெள்ளைப் பக்கமே காணும், வர்ணப் பக்கத்தை விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படம் இருந்தவரிடமே நிற்கும், போனில் எடுத்த பிரதியை அனுப்புவோம். அச்சுக்கு அது தெளிவில்லை என்றால் கிளிநொச்சியில் ஸ்கான் எடுத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. வன்னிக்கு மட்டுமென்று ஒதுக்கவும் வேண்டாம், மன்னாரிலும் மூதூரிலும் கீறுகிறவர்கள் இருந்தால் அவர்களும் அனுப்பட்டும். சம்மதமென்றால் எத்தனை அங்குலம் தருவீர்கள் என்று முன்கூட்டியே அறிவியுங்கள், முகத்தை அதற்கேற்பப் பெரிதாகவோ சிறிதாகவோ கீறப் பெடியளிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பலகை எழுதும் வாசகன்,
முள்ளியவளை