பெயரா, ஆட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளின் வீரர் சேர்க்கை பற்றிய தங்கள் கட்டுரை, புகழ்பெற்ற அணியில் இடம் கிடைப்பதையே வெற்றியாகக் காட்டியிருந்தது. ஒரே நேரத்தில் பெரும்பாலும் ஒருவரே ஆடும் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் மாற்று வீரராகவே இருந்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, 2018இல் எல்எஸ்யூவுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாறிய பிறகே தொடர்ந்து ஆடி, 2019 பருவத்தில் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் தேசியப் பட்டத்தையும் வென்றார். எங்கள் பக்கத்து வீட்டு இளைஞரோ, பெரிய அணியொன்றின் சீருடையை இரண்டு ஆண்டுகள் அணிந்தும் (புகைப்படங்கள் என்னவோ அழகாகத்தான் இருந்தன) ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை.

அணி மாறுவோர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 2021இல் தளர்த்தப்பட்டது உண்மைதான். ஆனால் போன காலம் திரும்புவதில்லை. ஆகவே, குறிப்பிட்ட இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் உள்ளனர், அவர்கள் கல்லூரி அணியில் ஆட எத்தனை ஆண்டுகள் மீதமுள்ளன என்பதை, உதவித்தொகை வழங்கும்போதே பயிற்சியாளர்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு விதி செய்யலாம்.

– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ